ஊட்டி கடைத்தெருவுல "என்ன வேணுங்க"ன்னு கேட்ட ஆளு எங்க போனாரு?

உங்க கேள்வியைப் படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் வருத்தமாவும் இருந்துச்சு. குன்னூர்ல இருக்கற அம்மாவுக்கு ஊட்டி கமர்ஷியல் ரோட்டுல ஜெர்கின் வாங்கப் போயிருக்கீங்க, கடையில நாலு பசங்க நின்னும் ஒருத்தன்கூட திரும்பிப் பாக்கல, எம் சைஸ் இருக்கான்னு கேட்டா "அங்க தொங்கறதுதான்க்கா"ன்னு பதில், 1,850 ரூபா குடுத்து வாங்கிட்டு வந்து மூணாம் நாள் ஜிப் பல்லை இளிச்சிருச்சு, திருப்பிக் கொண்டு போனா பில்லுக்கு அடியில "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு அச்சடிச்சிருக்கறதைக் காட்டி அனுப்பிட்டாங்க. சின்ன வயசுல இதே ரோட்டுல உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்து துணி காட்டுவாங்களே, இப்ப ஏன் இப்படி ஆச்சு, இதுக்கு ஏதாவது பண்ண முடியுமான்னு கேட்டிருக்கீங்க.

நான் நாலு வருஷம் ஊட்டியில ஒரு ஜவுளிக்கடை கவுண்டர்ல நின்னவன், அதுக்கப்பறம் பத்தொம்பது வருஷம் சோப்பு, பிஸ்கட், டீத்தூள்னு ஏஜென்சி வண்டியில கடை கடையா சரக்கு போட லைன் போனவன் (ஆமா, நீலகிரிக்கே டீத்தூளை கீழ இருந்து பாக்கெட் போட்டு ஏத்தினோம், அது தனிக் கதை). ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர்னு எந்தக் கடையில ஓனரே கல்லாவுல உக்காருவாரு, எந்தக் கடையில மச்சான் உக்காந்து தூங்குவாருங்கற வரைக்கும் தெரியும். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

இந்தப் பேச்சு எடுத்தாலே எல்லாரும் சொல்றது "இந்தக் காலத்துப் பசங்களுக்கு பொறுப்பு கிடையாது, எந்நேரமும் போன்தான்". நான் இதை ஒத்துக்க மாட்டேன். நான் கவுண்டர்ல நின்னப்ப போன் இல்ல, ஆனா ஆள் இல்லாத மத்தியானத்துல நாங்களும் துணி பண்டலுக்குப் பின்னாடி சாஞ்சு கதை பேசிட்டுதான் இருப்போம். வித்தியாசம் என்னன்னா யாராவது படி ஏறினா முதலாளி தொண்டையைக் கனைப்பாரு, நாங்க துள்ளி எழுந்திருப்போம். முதலாளி ஏன் கனைச்சாரு? அவரு ரொம்ப நல்லவருங்கறதால இல்லைங்க. அவரு காசு உங்க அப்பா பாக்கெட்டுல இருந்துச்சு, அதனாலதான்.

கடன் நோட்டைத்தான் சொல்றேன். அந்தக் காலத்துல மலையில எந்தக் கடையை எடுத்தாலும் கல்லாவுக்குப் பக்கத்துல நீளமா ஒரு நோட்டு இருக்கும், பேரு போட்டு பக்கம் பக்கமா பற்று வரவு. சின்ன விவசாயிங்க தோட்டத்துல இலை பறிச்சு பாக்டரிக்குப் போடுவாங்க, காசு மாசக் கணக்குலதான் வரும், அதுவரைக்கும் அரிசியும் கம்பளியும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் நோட்டுலதான் ஓடும். ஹட்டியில, அதாவது படுகர் கிராமத்துல இருந்து வர்ற பெரியவரு "இலைக் காசு வந்ததும் பாத்துக்கலாம்"னு சொன்னா அதுதான் கையெழுத்து. இப்ப யோசிச்சுப் பாருங்க, ஒரு ஆளு உங்களுக்கு மூவாயிரம் ரூபா தரணும், அவரு படி ஏறி வர்றப்ப மூஞ்சியைத் திருப்பிக்க முடியுமா? அவரு பக்கத்துக் கடைக்குப் போயிட்டா பழைய பாக்கி சந்தேகம்தான். அதனால டீ வந்துச்சு, ஸ்டூல் வந்துச்சு, பேத்திக்கு கல்யாணம் ஆச்சான்னு விசாரிப்பு வந்துச்சு. நீங்க பாத்த மரியாதையில பாதி அந்த நோட்டுல இருந்து வந்ததுதான்.

மீதிப் பாதி சம்பளக்காரங்ககிட்ட இருந்து வந்துச்சு. ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்துச்சே, 1960ல ஆரம்பிச்ச மத்திய அரசு கம்பெனி, இந்து நகர்ல, அது நல்லா ஓடின காலத்துல சம்பளத் தேதிக்கு அடுத்த சனிக்கிழமை கமர்ஷியல் ரோட்டுல நடக்க இடம் இருக்காது, எங்க கடையில அன்னைக்கு மட்டும் ரெண்டு பேரை கூடுதலா நிறுத்துவாங்க. குன்னூர் பக்கம் அருவங்காடு வெடிமருந்து பாக்டரி போனஸ் வந்துச்சுன்னா அங்க கடைக்காரங்களுக்கு அதுதான் பண்டிகை. இவங்க எல்லாம் வருஷம் பூரா இங்கயே இருக்கறவங்க, ஒரு தடவை சாயம் போற சேலையைக் குடுத்துட்டா அடுத்த நாள் காலைக்குள்ள ஷிஃப்ட்டுல இருக்கற அத்தனை பேருக்கும் தெரிஞ்சிடும். அந்த பயம் இருந்துச்சு.

அப்பறம் என்னாச்சுன்னா போட்டோ பிலிம்ஸ் 1996ல நலிஞ்ச கம்பெனின்னு அறிவிச்சாங்க, டிஜிட்டல் கேமரா வந்து மிச்சத்தையும் முடிச்சிருச்சு. 90கள் கடைசியில பச்சத் தேயிலை விலையும் சரிஞ்சு விழுந்துச்சு, அப்ப லைன் போனவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கடையிலயும் நோட்டு கனமாகிட்டே போச்சு, கல்லா லேசாகிட்டே போச்சு. கடைக்காரங்க எங்க ஏஜென்சிக்கு செக் குடுப்பாங்க, அது திரும்பி வரும். கொஞ்சம் கொஞ்சமா "இன்று ரொக்கம் நாளை கடன்" போர்டு மாட்டினாங்க. தப்புன்னு சொல்ல முடியாது, வேற வழி இல்ல. ஆனா நோட்டை மூடினப்ப அதோட சேர்ந்து இன்னொன்னையும் மூடிட்டாங்கன்னு அப்ப யாருக்கும் தோணல. கடைக்காரருக்கு உங்களை ஞாபகம் வெச்சுக்க வேண்டிய அவசியம் போயிருச்சு.

கொடைக்கானல்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான், அங்க தேயிலைக்குப் பதிலா பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கமிருந்து ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வர்றவங்களை நம்பி இருந்த கடைங்களுக்கும், சீசனை நம்பி இருக்கற கடைங்களுக்கும் பேச்சுலயே வித்தியாசம் தெரியும், போய்ப் பாருங்க.

இங்க ஒண்ணு சொல்லிடணும், இல்லன்னா நான் பழசையே கொண்டாடற கிழவன் மாதிரி ஆயிடுவேன். அந்த ஸ்டூலும் டீயும் எல்லாருக்கும் கிடைக்கல. எஸ்டேட்ல இருந்து கொழுந்து பறிக்கற அம்மா முக்காடு போட்டுட்டு வந்தா "அந்தப் பக்கம் நில்லும்மா"தான். எஸ்டேட் மேனேஜர் ஜீப் வந்து நின்னா நாங்க பாதியில அளந்துட்டு இருந்த துணியை அப்படியே போட்டுட்டு ஓடுவோம், அந்த அம்மா முக்கால் மணி நேரம் நின்னுட்டு இருக்கும். தோடர், இருளர் ஜனங்க வந்தா விலையே வேற சொன்ன கடைங்களையும் பாத்திருக்கேன். பாக்கெட் மேல எல்லா வரியும் சேர்த்து எம்ஆர்பி போடணும்னு 1990ல வந்துச்சு பாருங்க, மலைவாசிகளுக்கு அது ஆயிரம் டீயை விட பெரிய மரியாதை. இன்னைக்கு சூப்பர் மார்க்கெட்டுல அந்தக் கொழுந்து பறிக்கற அம்மாவோட பேத்தி கூடையை எடுத்துட்டு யார் மூஞ்சியையும் பாக்காம ஷாம்பூ எடுத்துட்டுப் போகுது. யாரும் கேக்கலையேன்னு நாம வருத்தப்படறோம், யாரும் கேக்காம இருக்கறதே அதுக்கு நிம்மதி. இதையும் கணக்குல வெச்சுக்கணும்.

சரி, நோட்டு போன இடத்துல என்ன வந்துச்சுன்னா சீசன் வந்துச்சு. ஏப்ரல், மே, அப்பறம் ஆயுத பூஜை தீபாவளி லீவு, டிசம்பர் கடைசி. இந்த நாள்ல பண்ற வியாபாரத்துலதான் மீதி மாசத்து வாடகை, கரண்ட், சம்பளம் எல்லாம். வாடகை ஏன் இவ்வளவுன்னா மலையில புதுசா கட்டறது கஷ்டம், 1993 மலைப்பகுதி கட்டட விதிப்படி 7 மீட்டருக்கு மேல எழுப்ப முடியாது, இருக்கற இடம்தான் இடம், அதனால மெயின் ரோட்டுல பத்துக்குப் பத்து கடைக்கு கேக்கற அட்வான்ஸைக் கேட்டா கோயம்புத்தூர்க்காரனே மயக்கம் போட்டுடுவான். அந்த வாடகையை குடுக்கறவன் யாரைப் பாத்து கடையைத் திறப்பான்? ஊட்டி சேரிங் கிராஸ்ல பஸ்ல இருந்து இறங்கற ஆளைப் பாத்துதான். அந்த ஆளு இன்னைக்கு சாயங்காலம் மேட்டுப்பாளையம் இறங்கிடுவாரு, திரும்ப வந்தா அஞ்சு வருஷம் கழிச்சு வருவாரு, அப்ப எந்தக் கடைன்னு அவருக்கே ஞாபகம் இருக்காது. அவருகிட்ட நல்ல பேரு எடுத்து கடைக்காரருக்கு என்ன லாபம்? கெட்ட பேரு எடுத்தா என்ன நஷ்டம்?

இதுல இன்னொரு கூத்து இருக்கு, வெளியில இருக்கறவங்களுக்கு சட்டுன்னு புரியாது. ஹோம் மேட் சாக்லேட், தைலம், டீத்தூள் விக்கிற டூரிஸ்ட் கடை பலதுல நீங்க கஸ்டமரே கிடையாது. கஸ்டமர் யாருன்னா உங்களைக் கூட்டிட்டு வந்த வண்டி டிரைவர். பில்லுல இத்தனை சதவீதம்னு அவருக்கு கமிஷன் போகும். அதனால அந்தக் கடைக்காரரு டிரைவருக்கு நாற்காலி போடுவாரு, டீ குடுப்பாரு, "அண்ணா சாப்டீங்களா"ம்பாரு, உங்களுக்கு ஒரு சின்னத் துண்டு சாக்லேட்டை டேஸ்ட் பாக்கக் குடுத்துட்டு அரை கிலோ போடட்டுமான்னு நிப்பாரு. மரியாதை அழிஞ்சு போகலைங்க, நாற்காலி இடம் மாறியிருக்கு. நான் டிரைவர்களைக் குத்தம் சொல்லல, வண்டி டியூ கட்டணும், சீசன் இல்லாத ஜூலை மழையில அவங்க படற பாடு தெரியும்.

இதுக்கு மேல இ-பாஸ், அதாவது ஆன்லைன்ல எடுக்கற அனுமதிச் சீட்டு. ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துட்டுதான் வெளியூர் வண்டி ஏறணும், 2025 ஏப்ரல்ல இருந்து சீசனுக்கு எண்ணிக்கையும் வெச்சாங்க, நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நீலகிரியில ஏப்ரல் 2ம் தேதி கடையடைப்பே நடந்துச்சு. வியாபாரிங்க வயித்தெரிச்சல் புரியுது. ஆனா அந்தக் கடையடைப்பு அன்னைக்கு என் பழைய கஸ்டமர் ஒருத்தர், மளிகைக்கடைக்காரரு, ஒரு வார்த்தை சொன்னாரு: "டூரிஸ்ட் வரலைன்னா செத்துடுவோம்னு சொல்றாங்களே, எங்க அப்பா காலத்துல யாருக்கு வித்தோம்?" அவரு கடையில இன்னைக்கும் நோட்டு இருக்கு, நாப்பது பக்கம்தான், ஆனா இருக்கு. கொரோனா சமயத்துல ரோடு அடைச்சிருந்தப்ப அந்த நாப்பது பக்கம்தான் அவரு கடையைத் திறந்து வெச்சுச்சு.

இப்ப அந்த நாலு பசங்ககிட்ட வருவோம், உங்களைத் திரும்பிப் பாக்காதவங்க. அதுல ஒருத்தனை எடுத்துக்கோங்க. காலையில ஒம்பதரைக்கு வந்து ஷட்டர் தூக்குவான், ராத்திரி ஒம்பது வரைக்கும் நிப்பான். நிப்பான்னு சொன்னேன் பாருங்க, அது பேச்சுக்கு இல்ல, நிஜமாவே நிக்கறதுதான். ஜூன் ஜூலையில சிமெண்ட் தரை ஈரமா ஐஸ் மாதிரி இருக்கும், ரெண்டு சாக்ஸ் போட்டாலும் குளிர் முட்டி வரைக்கும் ஏறும், எனக்கு இன்னைக்கும் இடது முட்டி அந்த நாலு வருஷத்தைச் சொல்லும். உக்காந்தா முதலாளி முறைப்பாரு. கேரளாவுல கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல ஜவுளிக்கடைப் பொண்ணுங்க உக்கார இடம் கேட்டே போராடி 2018ல சட்டம் வாங்கினாங்க, தமிழ்நாட்டுல 2021 செப்டம்பர்ல கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் பண்ணி வேலை பாக்கறவங்களுக்கு உக்கார இருக்கை போடணும்னு வெச்சாங்க. நம்ம ஊர்ல எத்தனை கடையில ஸ்டூல் இருக்குன்னு அடுத்த தடவை போறப்ப எண்ணிப் பாருங்க. காலையில இருந்து நிக்க வெச்ச பையன்கிட்ட சாயங்காலம் ஆறு மணிக்கு சிரிப்பு எதிர்பாக்கறது கொஞ்சம் அதிகம்தான்.

நிக்கறதைக் கூட விடுங்க, அவன்கிட்ட எதுவும் முடிவு பண்ற அதிகாரம் கிடையாது, அதுதான் எனக்குப் பெரிய விஷயமா தெரியுது. நான் நின்ன கடையில, பத்து ரூபா வரைக்கும் நாங்களே குறைச்சுக்கலாம், பட்டன் போச்சுன்னு கொண்டு வந்தா நாங்களே தெச்சுக் குடுக்கலாம், குழந்தைக்கு ஒரு கர்ச்சீஃப் கொசுறா குடுக்கலாம், முதலாளி கேக்க மாட்டாரு. "அவங்க நம்ம கஸ்டமரு"ன்னு சொன்னா போதும். இன்னைக்கு பையனுக்கு எந்த ரேக்குல என்ன இருக்குன்னே பாதி நேரம் தெரியாது, ஏன்னா அவன் வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு, இன்னும் ரெண்டு மாசத்துல திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போயிடுவான். சரக்கு பத்தி சொல்லிக் குடுக்க ஆளில்ல. ஜெர்கினுக்கு உள்ள லைனிங் என்னன்னு கேட்டா அவன் என்ன சொல்வான்? "அங்க தொங்கறதுதான்க்கா"ங்கறது திமிருன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. எனக்கு என்னவோ அது "எனக்குத் தெரியாதுக்கா"ன்னு சொல்ல வெக்கப்பட்ட பேச்சாத்தான் படுது. (கோத்தகிரியில ஒரு ஹார்டுவேர் கடையில ஜார்க்கண்ட் பையன் ஒருத்தன் இருக்கான், ஆறே மாசத்துல தமிழ் பேசறான், படுகர் பாஷையான படுகுல எண்ணிக்கூட காட்டறான், எந்த ஆணிக்கு எந்த சைஸ்னு விரல்ல சொல்றான். விசாரிச்சா ஓனர் அவனை கோயம்புத்தூர் கொள்முதலுக்கு கூடவே கூட்டிட்டுப் போறாராம். அவ்வளவுதான் ரகசியம்.)

சங்கிலிக் கடைங்க, அதாவது பெரிய பிராண்ட் ஷோரூம் எல்லாம் வந்ததும் சர்வீஸ் ஏறும்னு நினைச்சோம். "வெல்கம் சார்"னு கோரஸா சொல்றாங்க, உண்மைதான். ஆனா பில் போடறப்ப போன் நம்பர் குடுங்கன்னு நிப்பாங்க, குடுக்கலைன்னா கம்ப்யூட்டர்ல பில்லே வராதும்பாங்க. 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் துறையே சொல்லிடுச்சு, நம்பர் குடுத்தாதான் பில்லுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு. பொருளைப் போட்டுத் தர்ற பைக்கும் தனியா காசு. இதுல பாட்டா கேஸ் ஒண்ணு உண்டு, சண்டிகர் நுகர்வோர் மன்றம் 2019ல, 3 ரூபா பேப்பர் பைக்கு காசு வாங்கினதுக்கு மொத்தம் 9,000 ரூபா கட்டச் சொன்னாங்க. நம்ம மலையில பிளாஸ்டிக் பைக்கு தடை வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதனால துணிப்பையோடதான் நாம கடைக்குப் போவோம், டூரிஸ்ட்டுதான் மாட்டிக்குவாரு.

தானா எடுத்துக்கோன்னு விடற முறையே அமெரிக்காவுல மெம்பிஸ்ல 1916ல பிக்லி விக்லின்னு ஒரு கடையில ஆரம்பிச்சதுதான், அதுக்கு முன்னாடி அங்கயும் கவுண்டர்ல ஆள் எடுத்துத் தருவாரு. நம்ம ஊட்டிக்கும் இந்தக் கதையில ஒரு பங்கு இருக்கு. முத்துசாமி முதலியார் 1905ல இங்க வெள்ளைக்காரங்களுக்கு வெண்ணெய் வித்து ஆரம்பிச்ச நீல்கிரிஸ்தான், 1936ல பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்குப் போய், பின்னால கூடையை நாமளே தூக்கற சூப்பர் மார்க்கெட்டா ஆச்சு. இதுக்கு அடுத்த படி, பில்லும் நீயே போட்டுக்கோங்கறது. இங்கிலாந்துல இருக்கற எங்க சித்தி பையன் போன்ல புலம்புவான், அங்க ஹை ஸ்ட்ரீட்டுனு சொல்ற கடைத்தெருவுல பேங்க் மூடிட்டாங்க, கடைக்குப் போனா மெஷின்தான் நிக்குது, பேச ஆளே இல்லன்னு. ஆனா அங்கயே வடக்குப் பக்கம் இருக்கற பூத்ஸ்ங்கற சூப்பர் மார்க்கெட், மொத்தம் 28 கடை, 2023 நவம்பர்ல ரெண்டு கடை தவிர மத்த எல்லாத்துலயும் அந்த மெஷினை எடுத்துட்டு திரும்ப ஆளைப் போடறதா சொன்னாங்க. கஸ்டமருக்கு மனுஷன்கிட்ட பேசணுமாம். இதைச் சொன்னா என் மளிகைக்கடை நண்பரு "அதுக்கு இவ்வளவு செலவு பண்ணி சுத்திட்டு வந்தாங்களா"ன்னு கேட்டாரு.

நாமளும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. விரலைச் சொடுக்கி "ஏய் தம்பி"ன்னு கூப்பிடறது, இருபது ஸ்வெட்டரைப் பிரிச்சுப் போட்டுட்டு போன்ல போட்டோ எடுத்து ஆன்லைன்ல ரேட் பாத்துட்டு கிளம்பறது, எல்லாம் நடக்குது.

இப்ப உங்க ஜெர்கின். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ங்கற வரி பில்லுல இருந்தா அது சட்டம்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20ல இருந்து அமல்ல இருக்கறது, நேர்மையற்ற வியாபாரம் எதெதுன்னு 2(47) பிரிவுல சொல்லுது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிட்டு காசு தர மறுக்கறது அதுல ஒண்ணு, பில்லுல நாள் குறிச்சிருந்தா அதுக்குள்ள, குறிக்கலைன்னா 30 நாளுக்குள்ள. பில் குடுக்காம இருக்கறதும் அதே பட்டியல்ல வருது. ஆனா ஒண்ணு நல்லா கவனிங்க, குறையுள்ள பொருள்னுதான் சட்டம் சொல்லுது. கலர் பிடிக்கல, அம்மாவுக்கு டைட்டா இருக்கு, இதுக்கெல்லாம் மாத்தித் தர்றது கடைக்காரரோட பெரிய மனசு, கேக்கலாம், சண்டை போட முடியாது. உங்களுக்கு மூணே நாள்ல ஜிப் போயிருக்கு, வாங்கினப்பவே குறைன்னு தைரியமா சொல்லலாம்.

எப்படிக் கேக்கறதுங்கறதுதான் முக்கியம். சனிக்கிழமை சாயங்காலம் போகாதீங்க, கூட்டத்துல யாரும் காது குடுக்க மாட்டாங்க, நாலு பேர் முன்னாடி விட்டுக்குடுத்தா எல்லாரும் கொண்டு வருவாங்கன்னு பயமும் இருக்கும். வார நாள்ல காலையில போங்க, ஆனா போணி ஆகறதுக்கு முன்னாடி வேண்டாம். முதல் வியாபாரமே ரிட்டர்ன்னா எந்தக் கடைக்காரருக்கும் மூஞ்சி கறுத்துடும், பதினொரு மணி சரியா இருக்கும். பையன்கிட்ட விஷயத்தையே ஆரம்பிக்காதீங்க, அவனால முடியாதுன்னு முன்னாடியே சொன்னேன். "ஓனர் இருக்காருங்களா"ன்னு மட்டும் கேளுங்க. ஓனர்கிட்ட சத்தமில்லாம, வாங்கின தேதி, ஜிப் போன தேதி, குன்னூர்க்காரங்க, அடிக்கடி வர்றவங்கன்னு சொல்லுங்க. டூரிஸ்ட் இல்ல, லோக்கல்னு தெரிஞ்சாலே பாதி கடையில பேச்சு மாறும், நான் கண்ணால பாத்தது. மாத்திக் குடுக்கலைன்னா பில்லுக்குப் பின்னாடி "இன்ன தேதி கொண்டு வந்தாங்க"ன்னு எழுதிக் கையெழுத்து போடச் சொல்லுங்க. கையெழுத்து போடறதுக்கு யோசிக்கறப்பவே பல பேரு "சரி விடுங்க, வேற எடுத்துக்கோங்க"ன்னு வந்துடுவாங்க. பில்லை இன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, அந்த வழுவழு பேப்பர் நம்ம ஈரத்துல ரெண்டு மாசத்துல வெள்ளையாயிடும்.

அதுக்கும் மசியலைன்னா 1915க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். அதுக்கு மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீலகிரிக்கு ஊட்டியிலயே இருக்கு, கொடைக்கானல்காரங்கதான் பாவம், திண்டுக்கல் இறங்கணும். ஆன்லைன்லயும் புகார் போடலாம், முதல்ல இ-தாக்கில்னு இருந்துச்சு, 2025ல இருந்து இ-ஜாக்ரிதி. 5 லட்சம் வரைக்கும் பொருள்னா கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நீங்க குடியிருக்கற ஊர் ஆணையத்துலயே போடலாம், வாங்கின ஊருக்குப் போக வேண்டியதில்ல. 1,850 ரூபாக்கு இவ்வளவு அலையணுமான்னு கேட்டா, அது உங்க கோவத்தைப் பொறுத்தது. நான்னா 1915 வரைக்கும் போவேன்.

கூடவே ஒண்ணு, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். சில கடையில பாக்கெட் பொருளுக்கே எம்ஆர்பிக்கு மேல ரெண்டு ரூபா, மூணு ரூபா கேப்பாங்க, "மேல ஏத்துற கூலிங்க"ம்பாங்க. நான் அந்த லாரியிலயே ஏறி வந்தவன், அந்தக் கூலி எல்லாம் விலைக்குள்ளயே இருக்கு. எம்ஆர்பிக்கு மேல ஒரு ரூபா வாங்கினாலும் தப்பு, தொழிலாளர் துறையில எடையளவு பாக்கற அதிகாரிங்க இருக்காங்க, அங்க சொல்லலாம்.

கடைசியா அந்த ஜிப். பல் போகலைன்னா ரன்னர்தான் லூசாகியிருக்கும், குன்னூர் மார்க்கெட் பக்கம் மெஷின் போட்டு உக்காந்திருக்கற டெய்லர் யாருகிட்ட குடுத்தாலும் நூறு ரூபாக்குள்ள மாத்திக் குடுத்துடுவாரு. ஆனா கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பேசறதுக்கு முன்னாடி மாத்திடாதீங்க, மாத்திட்டீங்கன்னா "நீங்களே பிரிச்சிட்டீங்க"ன்னு ஓனர் தப்பிச்சுக்குவாரு. அதுவரைக்கும் அம்மாவை பழைய ஸ்வெட்டரையே போட்டுக்கச் சொல்லுங்க.